தன் பங்கைத் தானே வாங்கலாமா?

 

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் ஒரு பழைய தலைமையாசிரியன் பேசுதற்கு உரியதுதானா என்று சிலர் ஐயுறலாம். வளர்ந்து வரும் கம்பெனி ஒன்று, தான் வெளியிட்ட பங்குகளைத் தன் பணத்தைக் கொண்டு தானே திரும்ப வாங்கலாமா என்பதே அப்பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் கணக்கும் வரலாறும் கற்பித்தவன் நான். பங்குச் சந்தையில் பழகியவன் அல்லன். ஆயினும், இக்கேள்வி ஒரு நாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் என்னிடம் பல ஆண்டுகட்கு முன் படித்த மாணவர். அவருடைய தந்தையாரும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு சிறு கொட்டகையில், தண்ணீர் மோட்டார்களுக்கு வேண்டிய ரப்பர் வளையங்களைச் செய்யத் தொடங்கினார்கள். தந்தையார் மறைந்த பின் மகன் பொறுப்பேற்றார். இன்று அது நாற்பது பேர் வேலை செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதன் பங்குகளில் பத்தில் இரண்டு பாகம் சித்தப்பாவுக்கு உரியது.

வந்தவர் சொன்னார்: "ஐயா, சித்தப்பா தம் பங்கை விற்றுவிட நினைக்கிறார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டுமாம். கம்பெனியின் கையிருப்பில் பணம் இருக்கிறது. அதைக் கொண்டு கம்பெனியே அந்தப் பங்கை வாங்கிவிடலாம், சட்டத்தில் இடம் உண்டு என்று ஆடிட்டர் சொல்கிறார். அதே பணத்துக்குப் புதிய மோல்டிங் இயந்திரம் ஒன்றும் வாங்கலாம். எதைச் செய்வது?"

நான் உடனே விடை கூறவில்லை. ஒரு கிணற்றின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் அதனையே முதலில் சொல்கிறேன்.

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் சாலையில், வைகையை அடுத்து அமைந்தது எங்கள் சமயநல்லூர். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பங்குக் கிணறு என்பது பழைய ஏற்பாடு. தனியே கிணறு வெட்டும் வசதி இல்லாதவர்கள் நாலைந்து பேர் கூடிப் பணம் போட்டு ஒரு கிணறு வெட்டுவார்கள். பின்னர், இன்ன நாள் இன்னார்க்கு என்று முறை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொள்வார்கள். கமலை கட்டி இறைத்த காலத்திலும் முறை உண்டு. மின்சார மோட்டார் வந்த பின்னும் முறை உண்டு.

என் தந்தையார் சொல்லக் கேட்ட செய்தி இது. ஒரு கிணற்றுக்கு நான்கு பங்காளிகள். பன்னிரண்டு நாளைக்கு ஒரு சுற்று. ஆளுக்கு மூன்று நாள். கிணற்றடித் தென்னைகளில் வந்த வருமானத்தைப் பொதுப்பணமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். நால்வரில் ஒருவர் ஊரை விட்டுப் போக விரும்பினார். மற்ற மூவரும் பொதுப்பணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்து, அவருடைய பங்கைத் தீர்த்துக்கொண்டார்கள். அன்று முதல் ஆளுக்கு நான்கு நாள் முறை ஆயிற்று. ஒரு செலவும் இல்லாமல் ஒரு நாள் கூடிவிட்டதே என்று மூவர்க்கும் மகிழ்ச்சி. இரண்டு ஆண்டு கழித்து மழை பொய்த்தது. கிணற்றை ஆழப்படுத்த வேண்டிய நேரத்தில் பொதுப்பணம் இல்லை. கடன் வாங்கினார்கள். வெட்டி முடியும் வரையில், நான்கு நாள் முறையில் இறைத்த தண்ணீர், முன்பு மூன்று நாளில் இறைத்ததில் பாதிகூட இல்லை. நாள் கூடிற்று, நீர் குறைந்தது.

இப்போது கம்பெனிக்கு வருவோம். கம்பெனி என்பதும் ஒரு பங்குக் கிணறே. பெரிய தொழில் ஒன்றைத் தொடங்குவதற்கு ஒருவர் கையில் உள்ள பொருள் பெரும்பாலும் போதுவதில்லை. பலரும் பணம் போட்டு, போட்ட அளவுக்கு உரிமைச் சீட்டுப் பெறுகிறார்கள். அச்சீட்டே பங்கு. இலாபம் வந்தால் அதில் ஒரு பகுதியைப் பங்குக்கு இவ்வளவு என்று பகிர்ந்து கொடுப்பார்கள், அது ஈவுத்தொகை. மற்றொரு பகுதி தொழிலை வளர்ப்பதற்காகக் கம்பெனியிலேயே நிற்கும். அது காப்பு நிதி. கிணற்றடித் தென்னை வருமானம் போன்றது அது.

பங்குதாரர் ஒருவர் விலக விரும்பினால் தம் பங்கை வேறொருவர்க்கு விற்கலாம். அப்போது பங்கு கை மாறுகிறதேயன்றிக் கம்பெனியின் பணம் ஒரு காசும் வெளியே போவதில்லை. அவ்வாறன்றி, கம்பெனியே தன் காப்பு நிதியிலிருந்து பணம் கொடுத்து அந்தப் பங்கை வாங்கி, அதனை இல்லாமல் அழித்துவிடுவதும் உண்டு. இதுவே பங்குகளைத் திரும்ப வாங்குதல். எஞ்சியிருக்கும் பங்குகளின் எண்ணிக்கை குறைகிறது. ஆகவே எஞ்சிய ஒவ்வொரு பங்குக்கும் கம்பெனியில் உரிமை சற்றுக் கூடுகிறது.

கேட்பதற்கு எளிய செயலாகத் தோன்றுகின்ற இதனைச் சட்டம் நெடுங்காலம் தடுத்தே வைத்திருந்தது. காரணம் என்ன? 1887-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறிற்று. டிரெவர் எதிர் விட்வர்த் என்பது அவ்வழக்கின் பெயர். பிளானல் துணி உற்பத்தி செய்த ஒரு கம்பெனி தன் பங்குதாரர்களிடமிருந்து தன் பங்குகளையே வாங்கி வந்தது. பின்னர் அது நொடித்துக் கலைக்கப்பட்டது. தம் பங்கைக் கம்பெனிக்கே விற்றிருந்த ஒரு தரப்பினர், விலையில் நின்றுபோன பாக்கியைக் கேட்டு வழக்காடினர். அப்பாக்கியைத் தர இயலாது என்று நீதிபதிகள் கூறினர். கம்பெனியின் விதிகளே இடம் கொடுத்தாலும் அவ்வாறு வாங்கும் அதிகாரம் கம்பெனிக்கு இல்லை என்பது அவர்கள் முடிவு.

அதன் நியாயத்தைப் பாருங்கள். கம்பெனிக்குச் சரக்குக் கொடுத்தவனும் கடன் கொடுத்தவனும் எதை நம்பிக் கொடுத்தார்கள்? பங்குதாரர்கள் போட்ட மூலதனம் உள்ளே இருக்கிறது என்று நம்பித்தானே? தொழிலில் நட்டம் வந்து அம்மூலதனம் கரைந்தால் அது அவர்கள் அறிந்தே ஏற்ற ஆபத்து. ஆனால் போட்டவர்களே பின் வாசல் வழியாகப் பணத்தை எடுத்துக்கொண்டு போவார்களாயின், கடன் கொடுத்தவன் கதி என்ன? இந்த அச்சமே தடையின் வேர். நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவும் இத்தடையை வைத்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. கையில் மிகுதியான பணம் இருந்தும், அதை இடுவதற்குத் தக்க தொழில் இல்லாத கம்பெனிகள் தோன்றின. அப்பணத்தை வீணான முயற்சிகளில் இறைப்பதைவிட உரியவர்களிடம் திருப்பித் தருவதே மேல் என்ற கருத்து வலுப்பெற்றது. இங்கிலாந்து 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வழிவிட்டது. இந்தியாவில் 1998 அக்டோபர் 31-ஆம் நாள் முதல், நிபந்தனைகளுடன் அனுமதி வந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு அந்நிபந்தனைகளை வகுத்தது.

அவற்றுள் சிலவற்றை மட்டும் கூறுகிறேன். கம்பெனியின் மூலதனமும் அதன் சொந்தக் காப்பு நிதியும் சேர்ந்த தொகையில் 25 விழுக்காட்டுக்கு மேல் இதற்குச் செலவிடக் கூடாது. வாங்கி முடித்த பின், கம்பெனியின் கடன், எஞ்சிய மூலதனமும் காப்பு நிதியும் சேர்ந்த தொகையைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. வாங்கிய பங்குகளை 7 நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும். அவற்றின் முகமதிப்புக்கு ஈடான தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும். வைப்புத் தொகையையோ கடனையோ திருப்பித் தரத் தவறி நிற்கும் கம்பெனி இதனைச் செய்யக் கூடாது. பங்குதாரர்களிடமிருந்து வாங்குவதாயின், வேண்டிய ஒருவரிடம் மட்டும் வாங்காமல், எல்லாரிடமும் அவரவர் பங்கின் விகிதப்படி கேட்க வேண்டும். இவற்றைக் கூர்ந்து பார்த்தால், 1887-இல் நீதிபதிகள் கொண்ட அச்சம் மறைந்துவிடவில்லை என்பது விளங்கும். அது தடையாக இருந்தது. இப்போது வேலியாக இருக்கிறது.

ஆனால், சட்டம் 'செய்யலாம்' என்று சொல்வது ஒன்று. அறிவு 'செய்' என்று சொல்வது மற்றொன்று. ஆகவே கணக்கைப் பார்ப்போம். பென்சிலும் தாளும் பக்கத்தில் உள்ள மாணவர்கள் என்னோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கம்பெனிக்கு 1,000 பங்குகள். ஆண்டு இலாபம் 1,00,000 ரூபாய். அப்படியானால் பங்கு ஒன்றுக்கு இலாபம் 100 ரூபாய். கம்பெனியின் காப்பு நிதி வங்கியில் இருந்து 7 விழுக்காடு வட்டி ஈட்டுகிறது. அந்த வட்டியும் மேற்சொன்ன இலாபத்தில் அடக்கம். வரிக் கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

கம்பெனி, பங்கு ஒன்றை 1,000 ரூபாய் விலைக்கு 100 பங்குகள் திரும்ப வாங்குகிறது என்று கொள்வோம். செலவு 1,00,000 ரூபாய். எஞ்சிய பங்குகள் 900. அவசரக்காரன் உடனே 1,00,000-ஐ 900-ஆல் வகுத்து, 'பங்குக்கு 111 ரூபாய் ஆயிற்று' என்பான். அது தவறு. செலவான பணம் ஈட்டி வந்த 7,000 ரூபாய் வட்டி இனி வாராது. இலாபம் 93,000. அதனை 900-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 103 ரூபாய். சற்றே கூடியிருக்கிறது, உண்மைதான்.

அதே 100 பங்குகளை 2,000 ரூபாய் விலைக்கு வாங்கியிருந்தால்? செலவு 2,00,000. போன வட்டி 14,000. இலாபம் 86,000. 900-ஆல் வகுத்தால் 95 ரூபாய் 56 காசு. பங்குகள் குறைந்தும், பங்குக்கு உரிய இலாபமும் குறைந்துவிட்டது! செயல் ஒன்றே, விலைதான் வேறு. ஆகவே, பங்கைத் திரும்ப வாங்குவது நல்லதா தீயதா என்று கேட்பவனிடம், 'என்ன விலைக்கு?' என்றே முதலில் கேட்க வேண்டும்.

மூன்றாவது கணக்கும் ஒன்று உண்டு. அந்த 1,00,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறோம்; அது ஆண்டுக்கு 20 விழுக்காடு, அதாவது 20,000 ரூபாய் ஈட்டித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7,000 போக, இலாபம் 13,000 கூடி 1,13,000 ஆகும். பங்குகள் 1,000 அப்படியே இருக்கப் பங்குக்கு 113 ரூபாய். பங்கை வாங்கியதால் வந்த 103-ஐவிட இது பெரிது. இதுவே கிணற்றை ஆழப்படுத்துவது. வளர்ந்து வரும் கம்பெனிக்கும் வளர்ந்து முடிந்த கம்பெனிக்கும் உள்ள வேறுபாடும் இதுதான். ஆழப்படுத்த இன்னும் இடம் உள்ள கிணற்றுக்காரன் பொதுப்பணத்தை வேறு வழியில் செலவிடலாகாது. பாறை வரை வெட்டி முடித்தவன், பணத்தைப் பங்காளிகட்குத் தருவதில் குற்றம் இல்லை.

இக்கணக்கெல்லாம் பாடப் புத்தகத்துக்குச் சரி, நடைமுறையில் என்ன கண்டோம் என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுகிறேன்.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. விமானம் செய்யும் போயிங் கம்பெனி 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் திரும்ப வாங்குவதற்கு 4,000 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டது. 2018-இல் அது வாங்கிய பங்குகட்குச் சராசரியாக 300 டாலருக்கும் மேல் கொடுத்தது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் அதன் புதிய வகை விமானங்கள் இரண்டு விழுந்து நொறுங்கின. அவ்வகை விமானங்கள் உலகெங்கும் தரையில் நிறுத்தப்பட்டன. 2020-இல் கொள்ளை நோய் வந்து விமானப் போக்குவரத்தே முடங்கிற்று. அவ்வாண்டில் அக்கம்பெனி 2,500 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. 2024-இல் பணம் வேண்டிப் புதிய பங்குகளையே விற்றது. அப்போது கிடைத்த விலை 143 டாலர். மேட்டில் வாங்கிப் பள்ளத்தில் விற்றது போல் ஆயிற்று. விபத்துக்குப் பங்கு வாங்கியதே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வறட்சிக்கு வைத்திருக்க வேண்டிய பொதுப்பணம் வறட்சி வந்தபோது இல்லை என்பதே நான் காட்டுவது.

இரண்டாவது நம் நாட்டுக் கம்பெனி. பேடிஎம் என்ற பெயரில் பணப் பரிமாற்றம் நடத்தும் நிறுவனம், 2021 நவம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு 2,150 ரூபாய் விலையில் வெளியிட்டது. பட்டியலிட்ட முதல் நாளிலேயே விலை வீழ்ந்தது. ஓராண்டு கழித்து, 2022 டிசம்பரில், 850 கோடி ரூபாய் வரை செலவிட்டு, பங்குக்கு 810 ரூபாய்க்கு மேற்படாத விலையில் திரும்ப வாங்குவதாக அறிவித்தது. அப்போது அது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆனால் இன்னும் நட்டத்தில் நடந்தது. இலாபம் காணாத நிறுவனம், வளர்ச்சிக்கு வேண்டிய பணத்தை இதில் செலவிடலாமா என்று அன்று பலரும் கேட்டார்கள். விலை மலிவாக இருக்கிறது என்பது நிர்வாகத்தார் எண்ணமாக இருக்கலாம். 2024 ஜனவரி இறுதியில் அதனைச் சார்ந்த வங்கியின் மீது ரிசர்வ் வங்கி கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பங்கின் விலை, கம்பெனி வாங்கிய விலைக்கும் கீழே இறங்கிற்று. பின்னர் மீண்டும் ஏறிற்று. ஒரு நாள் விலையைக் கொண்டு செயலை அளக்க முடியாது என்பதற்கும், வளரும் காலத்தில் கையிருப்பின் அருமை எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது என்பதற்கும் இது சான்று.

மூன்றாவது நம் தமிழ்நாட்டுக் கதை. மூன்றிலும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட கே.பி.ஆர். மில் 2019-இல் தன் பங்குகளில் 37,50,000-ஐப் பங்குக்கு 702 ரூபாய் வீதம் திரும்ப வாங்கிற்று. செலவு ஏறத்தாழ 263 கோடி ரூபாய். மொத்தப் பங்குகளில் அது 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கம்பெனி அதனால் வளர்ச்சியை நிறுத்திவிடவில்லை. நூல், ஆயத்த ஆடை, சர்க்கரை, எத்தனால் என்று தொழிலை விரித்துக்கொண்டே சென்றது. 2021-இல் அதன் 5 ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒவ்வொன்றையும் ஒரு ரூபாய் முகமதிப்புள்ள ஐந்து பங்குகளாகப் பிரித்தார்கள். 2022-இல் அக்கம்பெனி மீண்டும் 22,36,000 பங்குகளைத் திரும்ப வாங்கிற்று. இம்முறை விலை 805 ரூபாய்.

நின்று கணக்குப் போடுங்கள். 2022-இன் ஐந்து பங்குகள், 2019-இன் ஒரு பங்கு. ஐந்தை 805-ஆல் பெருக்கினால் 4,025. 2019-இல் 702 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே பொருளுக்குக் கம்பெனி மூன்று ஆண்டு கழித்து 4,025 ரூபாய் கொடுத்தது. போகாமல் நின்ற பங்குதாரர்க்கு 2019-இன் செயல் மிக நல்ல பேரமாக முடிந்தது. விற்றுவிட்டுப் போனவர்க்கு? 2020 மார்ச்சில் சந்தை முழுவதும் சரிந்தபோது, 'நல்லவேளை, விற்றோம்' என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். 2022-இல் என்ன எண்ணியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

இதில் ஒருவரையும் நான் குறை கூறவில்லை. விற்றவர் அறிவிப்பைப் படித்துத் தாமே விற்றார். வருங்கால விலையை அன்று எவரும் அறிந்திருக்க முடியாது. ஆனால் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. கம்பெனி வெளியாரிடம் சரக்கு வாங்கும்போது எதிரே நிற்பவர் வெளியார். தன் பங்கைத் தானே வாங்கும்போது எதிரே நிற்பவர் சொந்தப் பங்காளி. மலிவாக வாங்கினால் நிற்கும் பங்காளிக்கு ஆதாயம், போகும் பங்காளிக்கு நட்டம். அதிக விலைக்கு வாங்கினால் போகிறவர்க்கு ஆதாயம், நிற்பவர்க்கு நட்டம். ஈவுத்தொகை கொடுக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. எல்லார்க்கும் பங்குக்கு இவ்வளவு என்று ஒரே அளவு. திரும்ப வாங்கும்போதோ ஒருவன் கூடை நிறைய, மற்றவன் கூடை குறைகிறது.

அதிலும் வளர்ந்து வரும் கம்பெனியில் இந்த ஆபத்து மிகுதி. வளர்ந்து நின்றுவிட்ட கம்பெனியின் மதிப்பை வெளியிலிருந்தே ஓரளவு கணித்துவிடலாம். வளரும் கம்பெனியின் மதிப்போ நாளைக்கு என்ன வரப்போகிறது என்பதில் இருக்கிறது. நாளைக்கு வருவதை முன்னதாக அறிந்தவர் யார்? உள்ளே அமர்ந்து நிர்வகிப்பவர். வாங்குவது என்று முடிவு செய்பவரும் அவரே, அறிந்தவரும் அவரே. அறியாதவர் விற்கிறார்.

நிர்வாகிகட்கு வேறு ஆசைகளும் உண்டு. பங்குக்கு உரிய இலாபம் ஏறினால் தம் ஊதியமும் ஏறும் என்ற ஏற்பாடு சில இடங்களில் இருக்கிறது. ஒரு வளையம்கூடக் கூடுதலாகச் செய்யாமல், பங்கு எண்ணிக்கையைக் குறைத்தே அந்த எண்ணை ஏற்றிக் காட்டலாம். தேர்வு எழுதாத பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, 'தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது' என்று சொல்லும் பள்ளியை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா? பள்ளியில் கல்வி உயர்ந்ததா என்பதன்றோ கேள்வி! வரிச் சலுகையை எண்ணி இதனைச் செய்வோரும் உண்டு. ஆனால் இதற்குரிய வரி விதிகள் 2013, 2019, 2024 ஆகிய ஆண்டுகளில் மாறின. மாறுகின்ற விதியை நம்பி நிலையான மூலதனத்தைக் கரைப்பது அறிவுடைமை ஆகாது.

இப்போது என் மாணவரிடம் திரும்புவோம். கிணற்றின் கதையையும் கணக்கையும் கேட்ட பின் அவர், "அப்படியானால் இயந்திரம் வாங்குவதே முறை, அல்லவா ஐயா?" என்றார்.

"இயந்திரத்துக்கு வேலை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. பெரிய ஆர்டர் ஒன்று உறுதியாகி வருகிறது. கையெழுத்தாகிவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பாகும்" என்றார். சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது.

"சித்தப்பாவின் பங்குக்கு விலை எதைக் கொண்டு வைத்தீர்கள்?"

"போன ஆண்டு இலாபத்தைக் கொண்டு."

"இந்த ஆர்டர் உன் சித்தப்பாவுக்குத் தெரியுமா, தம்பி?"

அவர் விடை கூறவில்லை. தெருவில் பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். சற்று நேரம் இருவரும் பேசாமல் இருந்தோம். அவர் கெட்டவர் அல்லர். ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிட்டு வந்தவரும் அல்லர். 'கம்பெனிக்கு இலாபம்' என்ற சொல்லுக்குள் சித்தப்பாவும் அடங்குவார் என்பதை அவர் மறந்துவிட்டார், அவ்வளவே. அந்தக் கொட்டகையில் முதல் இயந்திரத்தை இறக்கியபோது ஒரு பக்கம் தந்தையாரும் மறு பக்கம் சித்தப்பாவும் தோள் கொடுத்தார்கள் என்று, படிக்கும் நாளில் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

சில வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். ஆர்டர் பற்றிய செய்தியைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டதாகக் கூறினார். சித்தப்பா முதலில் கோபித்துக்கொண்டாராம். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு புதிதாக விலை வைத்தார்கள். அது பழைய விலையைவிடக் கணிசமாகக் கூடுதல். கம்பெனிப் பணத்தில் இயந்திரம் வாங்கினார்கள். சித்தப்பாவின் பங்கில் பாதியை இவரும் இவருடைய தமக்கையாரும் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பாதியைச் சித்தப்பா விற்கவில்லை. "எனக்கு நட்டந்தான் ஐயா. பழைய விலைக்கு முடித்திருக்கலாம். ஆனால் பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிந்தது" என்றார் என் மாணவர். அதை நட்டம் என்று நான் எழுதிக்கொள்ளவில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளைக்குக் கம்பெனிகளை நடத்துவீர்கள். பலர் ஏதேனும் ஒரு கம்பெனியில் சிறு பங்கேனும் வைத்திருப்பீர்கள். 'எங்கள் பங்கை நாங்களே வாங்குகிறோம்' என்ற அறிவிப்பைக் காணும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று: இந்தப் பணத்துக்குத் தொழிலுக்குள்ளேயே வேலை இல்லையா? இரண்டு: கொடுக்கும் விலை பொருளின் மதிப்புக்கு உட்பட்டதா? மூன்று: பணம் கையிருப்பா, கடனா? வறட்சி வந்தால் தாங்க மிச்சம் இருக்கிறதா? நான்கு: வாங்குகிறவர் அறிந்ததை விற்கிறவரும் அறிவாரா?

முதல் மூன்று கேள்விகட்கும் கணக்குப் போட்டு விடை காணலாம். வளர்ந்து வரும் கம்பெனிக்குப் பெரும்பாலும் முதற் கேள்வியிலேயே 'இப்போது வேண்டாம்' என்ற விடை கிடைத்துவிடும். மூன்றையும் கடந்து வந்த கம்பெனி தாராளமாக வாங்கலாம்; அதில் குற்றம் இல்லை. ஆனால் நான்காவது கேள்விக்கு விடை ஐந்தொகைப் பட்டியலில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதற்கு விடை கூற வேண்டியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதர். 'அவருக்கும் தெரியும்' என்று அவர் தயங்காமல் சொல்ல முடியுமானால், அந்தக் கம்பெனியின் பங்கு எந்த விலைக்கும் ஓரளவு தகுதி உடையதுதான்.